கிருமி வீட்டுத் தபால்

குன்றாண்டார்கோவிலில் வாக்கப்பட்ட மகளுக்குக் கடுதாசி போடுகிறோம். ஊர், புதுக்கோட்டை மாவட்டம், பின்கோடு எல்லாம் ஒழுங்காக எழுதினால்தான் போய்ச் சேரும். கண்ணுக்கே தெரியாத பாக்டீரியாவுக்குள்ளும் இதே ஏற்பாடுதான் என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே?

பாக்டீரியா ஒரே ஓர் உயிரணு. அதைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய சவ்வு. உள்ளே ஓயாமல் புரதங்கள் தயாராகின்றன. சில உள்ளேயே வேலை பார்க்கும். சில சவ்வில் போய்ப் பதியவேண்டும். சில வெளியேற வேண்டும். எது எங்கே போவது? விலாசம் புரதத்திலேயே இருக்கிறது! சவ்வில் பதிய வேண்டிய புரதத்தில் ஒரு பகுதி எண்ணெய் மாதிரி, தண்ணீரோடு ஒட்டாது. புரதம் உருவாகும்போதே அது தலைகாட்டியதும், தபால்காரர் போல ஒரு துகள் அதைப் பற்றிக்கொண்டு சவ்வின் வாசலில் சேர்க்கிறது. வெளியேறும் புரதத்துக்கோ முன்முனையில் சிறு விலாசத் துண்டு உண்டு. வாசலைத் தாண்டியதும் அது கத்தரிக்கப்படும். புரதங்களுக்கு இப்படி விலாசம் உண்டென்று கண்டறிந்த குந்தர் புளோபெல் 1999-ல் நோபல் பரிசு பெற்றார்.

சரி, நமக்கு இதில் என்ன? காலராக் கிருமியின் விஷமும் ஒரு புரதம்தான். அதுவும் விலாசத்தோடுதான் உள்சவ்வைத் தாண்டுகிறது. பிறகு வெளிச்சவ்வையும் கடந்து நம் குடலில் இறங்குகிறது. கிருமிகளை நீக்கிய திரவம் மட்டுமே முயலின் குடலில் நீரைத் தேக்குவதைக் கல்கத்தாவில் சம்புநாத் டே 1959-ல் காட்டினார். விஷம் பட்ட குடல் உப்பையும் நீரையும் கொட்டுகிறது. கடுமையானால் பெரியவர்களுக்கு மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போய்விடும்.

ஆனால் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து நுழையும் வாசல் ஒன்று குடலில் உண்டு. அதை விஷம் மூடுவதில்லை. அதனால்தான் உப்பு-சர்க்கரைக் கரைசல் உயிர் காக்கிறது. 1971-ல் பன்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனோபிஸ் இதைக் கொண்டே பலரைப் பிழைக்க வைத்தார்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கையில் இல்லையா? கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மீறக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பேதி என்று தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குழந்தை துவண்டாலோ, கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். வழியிலும் ஊட்டிக்கொண்டே போங்கள்.