கடைசிப் பந்தை எறிந்தவர்



அமெரிக்க மக்கள் பெரிதும் போற்றும் பேஸ்பால் ஆட்டத்தில் விந்தையான பணி ஒன்று உண்டு. அப்பணிக்குரியோர் ஆட்டத்தின் பெரும்பகுதி முடியும் வரை திடலோரத்தில், வேலியிட்ட ஒரு மூலையில் அமர்ந்திருப்பர். ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தைத் தொடங்கிய பந்தெறிவாளர் களைத்தாலோ, அடிபடத் தொடங்கினாலோ, அணி மேலாளரிடமிருந்து அம்மூலைக்குத் தொலைபேசி வரும். உடனே எழுந்து, நாலைந்து பந்து எறிந்து தோளைப் பதப்படுத்திக்கொண்டு, பல்லாயிரம் பேர் பார்த்திருக்க நடுத்திடலுக்கு நடந்து வரவேண்டும். இவரை 'ரிலீஃப் பிட்சர்' என்பர். இடர் நீக்க வரும் பந்தெறிவாளர் என்பது பொருள். பெயர் என்னவோ நல்ல பெயர்தான்.

கிரிக்கெட்டில் ஓர் ஓவரில் அடிபட்ட பந்துவீச்சாளர் சற்று ஒதுங்கி நின்றுவிட்டு மீண்டும் வரலாம். பேஸ்பாலில் ஒருமுறை ஆட்டத்தைவிட்டு எடுக்கப்பட்டவர் அன்றைக்குத் திரும்பவே இயலாது. பந்தெறிவாளர் நிற்கும் இடத்திற்கும் மட்டையாளருக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். மணிக்கு 90 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் வரும் பந்து அதனை அரை நொடிக்குள் கடந்துவிடும். முன்னவர் தளங்களில் விட்டுச்சென்ற எதிரணியினரையும் புதிதாய் வந்தவரே சமாளிக்க வேண்டும். அவர்கள் ஓடி வந்து சேர்ந்தால் ஏட்டில் அந்த ஓட்டம் முன்னவர் கணக்கில் ஏறும். மக்கள் மனத்திலோ வந்தவர் கணக்கில் ஏறும். வழியே போனவர் தோளில் பிறர் பாரம் ஏற்றப்பட்ட சிரேன் ஊர்ச் சீமோனின் நினைவு நம் வாசகர் சிலருக்கேனும் வரக்கூடும்.

ஏட்டுக் கணக்கும் முற்றும் நேர்மையானது என்று சொல்வதற்கில்லை. வெற்றியைக் காத்து ஆட்டத்தை முடிப்பவருக்கு 'சேவ்' என்னும் பெருமையை 1969 முதல் அதிகாரபூர்வமாக வழங்கி வருகின்றனர். காக்கத் தவறியவருக்கும் ஒரு பெயர் உண்டு. 'சேவ்' வாய்ப்பைப் பாழாக்கியவர் என்று. ஏழாம் இன்னிங்சில், மூன்று தளங்களிலும் எதிரணியினர் நிற்கையில் வந்து, ஒரே ஓட்டம் கொடுத்துச் சமன் ஆகவிட்டவருக்கும் இப்பெயரே சூட்டப்படும். அவரே அந்த ஓட்டத்தையும் தடுத்திருந்தால் 'சேவ்' கிடைக்குமோ? கிடையாது. இறுதியில் வந்து ஆட்டத்தை முடிப்பவர் அதனைப் பெற்றுக்கொள்வார். தவறினால் பழி உண்டு, தவறாவிடில் புகழில்லை என்னும் இந்த ஏற்பாட்டை எவர் வகுத்தாரோ!

1986 அக்டோபர் 12. கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் அணியினர் பாஸ்டன் அணிக்கு எதிரான ஏழு ஆட்டத் தொடரில் மூன்றுக்கு ஒன்று என முன்னணியில் இருந்தனர். ஐந்தாம் ஆட்டத்தின் ஒன்பதாம் இன்னிங்சில் ஐந்துக்கு இரண்டு என்றும் முந்தியிருந்தனர். தொடங்கிய பந்தெறிவாளர் இரண்டு ஓட்டங்களுக்கு ஒரு ஹோம் ரன் கொடுத்தார். அடுத்து வந்தவர் எறிந்த பந்து மட்டையாளர் மேல் பட்டு, எதிரணிக்கு ஒரு தளம் இலவசமாயிற்று. அதன் பின்னரே டானி மூர் அழைக்கப்பட்டார். இன்னும் ஒரே ஒரு ஸ்டிரைக் கிடைத்தால் தொடரே முடியும் என்ற நிலையில், அவர் எறிந்த பந்தை டேவ் ஹென்டர்சன் ஹோம் ரன்னாக அடித்துவிட்டார். அதே இன்னிங்சில் ஏஞ்சல்ஸ் ஆட்டத்தைச் சமன் செய்தனர்; மூன்று தளங்களிலும் ஆள் நின்றும் வெற்றி ஓட்டத்தை எடுக்க முடியாது போயினர். பதினொன்றாம் இன்னிங்சில் தோற்றனர். அதற்குப் பின்னும் இரண்டு ஆட்டங்கள் எஞ்சியிருந்தன. 10-4, 8-1 எனப் பெரிய வேறுபாட்டில் அவ்விரண்டையும் தோற்றனர். ஆயினும் மூரின் ஓர் எறியே தொடரைத் தொலைத்தது என்று ஊரார் தீர்ப்புச் சொல்லிவிட்டனர்.

அவர் உடல்நோவுடன் ஆடியவர் என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை. பின்வந்த ஆண்டுகளில் சொந்தத் திடலிலேயே அவரை நோக்கிக் கூச்சலிட்டு இகழ்ந்தனர். 1988இல் அணி அவரை விடுவித்தது. 1989 ஜூலை 18 அன்று தம் மனைவியைச் சுட்டுக் காயப்படுத்திவிட்டு, 35 வயதில் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். மனைவி உயிர் பிழைத்தார். ஒரு ஹோம் ரன் ஒரு மனிதனைக் கொன்றது என அன்று பலர் எழுதினர். அதையும் யாம் ஒப்புவதற்கில்லை. ஒரு குடும்பத்துள் நிகழ்ந்த கொடுமையை ஓர் ஆட்டத்தின் தலையில் கட்டுவதும், ஒரு தொடரின் தோல்வியை ஓர் எறியின் தலையில் கட்டுவதும் ஒரே வகையான அவசரமே.

1993 உலகத் தொடரில் பிலடெல்பியாவின் மிச் வில்லியம்ஸ், நான்காம் ஆட்டம் 15-14 எனத் தோற்றபின் கொலை மிரட்டல்களுக்கு ஆளானார். அவ்வாண்டில் 43 ஆட்டங்களைக் காத்தவர் அவர்! ஆறாம் ஆட்டத்தில் டொராண்டோவின் ஜோ கார்ட்டர் அவர் பந்தில் ஹோம் ரன் அடித்துத் தொடரை முடித்துவைத்தார். வில்லியம்ஸ் ஓடி ஒளியவில்லை; செய்தியாளர் முன் அமர்ந்து கேட்டதற்கெல்லாம் விடை கூறினார். சில வாரங்களில் வேறு அணிக்கு மாற்றப்பட்டார். 652 'சேவ்' பெற்று இத்துறையின் தலைமகனாய் விளங்கும் மரியானோ ரிவேராவும் 2001 உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தைக் கைநழுவ விட்டவரே. முன்னரே பல பட்டங்கள் வென்று தந்தவராதலால் மன்னிக்கப்பட்டார். மன்னிப்புக்கும் முன்வைப்புத் தொகை வேண்டும் போலும்.

இவர்களுக்கெல்லாம் முன்னவர் ரால்ஃப் பிராங்கா. 1951 அக்டோபர் 3. நியூயார்க் நகரின் போலோ கிரவுண்ட்ஸ் திடல். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் பிராங்கா இரண்டு நாள்களுக்கு முன்னர்தான் தொடக்கப் பந்தெறிவாளராக உழைத்துத் தோற்றிருந்தார். அன்றும் ஒரு ஹோம் ரன் அடித்தவர் ஜயன்ட்ஸ் அணியின் பாபி தாம்சன். ஒன்பதாம் இன்னிங்சில் 4-2 என்ற நிலையில் மேலாளர் தொலைபேசியில் கேட்டார். தயாராகிக்கொண்டிருந்த இருவரில் கார்ல் எர்ஸ்கினின் பந்து தரையில் பட்டுத் தெறித்ததாம். ஆகவே பிராங்கா வரட்டும் என்றார். பிராங்காவின் இரண்டாம் பந்தைத் தாம்சன் மீண்டும் ஹோம் ரன்னாக்கினார். ஆகஸ்டில் 13½ ஆட்டங்கள் முந்தியிருந்த அணி, வாரக்கணக்கில் நழுவவிட்டதெல்லாம் மறக்கப்பட்டு, பழி ஒருவர் தோளில் இறங்கியது.

பிராங்கா நம் திருச்சபையில் வளர்ந்தவர். அன்று மாலை, அவருக்கு மண உறுதி செய்யப்பட்டிருந்த பெண்ணின் உறவினரான ஒரு குருவானவரிடம், ஏன் எனக்கு என்று கேட்டார். இச்சிலுவையைத் தாங்கும் வலிமை உனக்குண்டு என்று இறைவன் அறிந்தே உன்னைத் தேர்ந்தார் என்னும் கருத்தில் அவர் மறுமொழி கூறினாராம். அம்மாதமே திருமணமும் நடந்தது.

அந்த ஆண்டில் ஜயன்ட்ஸ் அணியினர் தொலைநோக்கி வைத்து, எதிரணியின் சைகைகளைத் திருடி, மின்மணி ஒலித்துத் தம்மவர்க்குத் தெரிவித்து வந்தனர் என்னும் செய்தி சில ஆண்டுகளிலேயே பிராங்காவின் காதுக்கு எட்டியது. வெளியே சொன்னால் தோற்றவனின் புலம்பல் என்பார்கள் என எண்ணிப் பல்லாண்டுகள் வாய் திறவாதிருந்தார். 2001இல் ஒரு நாளேடு அதனை விரிவாக வெளியிட்டது. அந்த ஒரு பந்துக்குத் தமக்குச் சைகை கிட்டவில்லை என்றார் தாம்சன். இருவரும் நண்பர்களாய் மேடைகளில் ஒன்றாகத் தோன்றி, அந்த அடியின் படங்களில் பக்கம் பக்கமாய்க் கையெழுத்திட்டு வந்தவர்கள். தாம்சன் 2010இல் மறைந்தார். பிராங்கா 2016 நவம்பரில், 90 வயதில். 21 வயதில் 21 ஆட்டங்களை வென்றதும், 1947இல் கறுப்பினத்தவரான ஜாக்கி ராபின்சன் அணிக்குள் வந்தபோது அவர் பக்கத்தில் துணிந்து நின்றதும் இரங்கற் செய்திகளின் உள்ளே இருந்தன. தலைப்பில் இருந்தது அந்த ஒரு பந்து.