எதிர்ப்பதிவு

எலியட் 1919இல் எழுதியதைப் பிடித்துக்கொண்டு, நிகழ்காலம் கடந்தகாலத்தையே மாற்றிவிடுகிறது என்று நம் விமர்சகர்கள் சாதிக்கிறார்கள். மாறுவது பழைய படைப்புகளின் உறவும் மதிப்பும்தான், நடந்தது அல்ல. கிரேக்கத் தத்துவவாதி டயோடோரஸ், நடந்து முடிந்த உண்மை மாற்றமுடியாதது என்பதிலிருந்து கிளம்பி, இப்போதும் இனியும் உண்மையாகாதது சாத்தியமே அல்ல என்கிற முடிவுக்குப் போனார். அந்த முடிவு எனக்கு உடன்பாடல்ல. க்ளியாந்தஸ் முதல் படியையே மறுத்தார், வாதத்தை முறிப்பதற்காக. நம்மவர்கள் மறுப்பது சௌகரியத்துக்காக.

வங்கியில் தவறான பதிவை நான் அழிப்பதில்லை, எதிர்ப்பதிவு போடுகிறேன், இரண்டும் நிற்கும். ஒரு கவிஞனை அன்று குப்பையென்று ஒதுக்கியவர், தம் தொகுப்பில் அக்கட்டுரையை மட்டும் விட்டுவிட்டு, எலியட்டைக் காட்டுகிறார். அபிப்பிராயம் மாறிவிட்டதென்று எழுதட்டுமே, யார் தடுத்தது? அது வெளிவந்த இதழ் என்னிடம் இருக்கிறது.