புலி தென்படுமா?

திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் தவறாமல் எழும் கேள்வி ஒன்றுண்டு: எந்தக் காட்டுக்குப் போனால் விலங்கு நிச்சயமாகத் தென்படும்? மண்ணூரில் குடியிருக்கும் ஆலைப் பொறியாளர்களும் எம் போன்ற கல்லூரி ஆசிரியர்களும் இதில் ஒரே கட்சி. முதுமலையா, கபினியா, பந்திப்பூரா, கையிருப்பு தாராளமாக இருந்தால் கென்யாவின் மசாய் மாராவா என்று விவாதம் நீளும். முடிவில் ‘நிச்சயம்’ என்ற ஒற்றை அளவுகோலே வெல்லும். அந்த அளவுகோல் காட்டுக்கும் தீங்கு, காண்பவனுக்கும் இழப்பு என்பதே என் வாதம்.

சஃபாரி என்பது சுவாகிலி மொழியில் பயணத்தைக் குறிக்கும் எளிய சொல். அரபு வேரிலிருந்து வந்தது. வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் கைக்குப் போனபின் அது துப்பாக்கியோடு செல்லும் உலாவாயிற்று. இன்று துப்பாக்கியின் இடத்தைப் புகைப்படக் கருவி பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் பயணியின் மனநிலை மாறியதா? கொடுத்த பணத்துக்கு ஒரு புலி கணக்கில் வரவேண்டும். வராவிட்டால் ஓட்டுநரை ஏசுகிறோம், காட்டையே குறை சொல்கிறோம். வேட்டைக்காரனின் எதிர்பார்ப்பு அப்படியே இருக்கிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் தனிப்பட்ட வெட்கம் ஒன்று உண்டு. தொல்காப்பியர் கருப்பொருளை வகுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றை ஒரே வரிசையில் வைக்கிறார். விலங்கு அங்கே தனித்து நிற்பதில்லை. அந்நிலத்து மனிதர் உண்பதோடும் உழைப்பதோடும் இசைப்பதோடும் சேர்ந்தே திணையாகிறது. வகுப்பறையில் குறிஞ்சியை இவ்வாறு கற்பிக்கும் நாமே, விடுமுறையில் குறிஞ்சி நிலத்துக்குள் நுழைந்ததும் புலியை மட்டும் வெட்டியெடுத்துக்கொண்டு இருளரையும் குறும்பரையும் சாலையோரக் காட்சியாக்கிவிடுகிறோம்.

இது வெறும் ரசனைக் குறைபாடு என்று ஒதுக்கிவிட முடியாது. முதுமலையை ஒட்டிய சீகூர்ப் பீடபூமி, மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் யானைவழி. விலங்கு அருகிலேயே தென்படும் என்ற ஆசையை விற்றே அங்கு விடுதிகள் முளைத்தன. 2010-இல் தமிழக அரசு அதனை யானை வழித்தடமாக அறிவித்தது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. விடுதியாளர்கள் மேல்முறையீடு செய்தனர். 2018-இல் விடுதிகளுக்கு முத்திரை வைக்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டு, 2020 அக்டோபரில்தான் வழித்தடத்தை இறுதியாக உறுதிப்படுத்தியது. ஒரு யானை நடந்துபோவதற்கான உரிமையை நிலைநாட்டப் பத்தாண்டுகள்! அடுத்த சனவரியிலேயே, மசினகுடியில் விடுதி அருகே வந்த யானைமீது தீப்பற்றிய பொருளை வீசும் காட்சி வெளியாயிற்று. காட்சி வெளிவரும் முன்பே அந்த யானை இறந்திருந்தது. வீசிய கை யாருடையதோ ஆகட்டும். அந்த விடுதிகளில் அறை கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர்கள் நம்மைப் போன்றவர்கள்தாம்.

கர்நாடகத்தில் 2025 நவம்பரில் நடந்ததையும் நினைவுகூர வேண்டும். புலி தாக்கி விவசாயிகள் அடுத்தடுத்து உயிரிழந்தபின் பந்திப்பூரிலும் நாகரகொளெயிலும் அரசு சஃபாரியை நிறுத்தியது. சஃபாரிக்குச் சென்றுகொண்டிருந்த ஊழியர்களைப் புலி தேடும் பணிக்குத் திருப்பியது. அப்படியானால் அதுவரை அந்த ஊழியர்கள் யாருக்காக உழைத்துக்கொண்டிருந்தார்கள்?

ஆப்பிரிக்கா சென்றால் இந்தச் சிக்கல் இல்லையென்று எண்ணுவோர்க்கு: செரங்கெட்டியிலிருந்து மசாய் மக்கள் 1959-இல் வெளியேற்றப்பட்டனர். 2022 சூனில், அதையடுத்த லோலியொண்டோவில் மேய்ச்சல் நிலத்தை வேட்டைக் காப்பகமாக்க எல்லைக் கற்கள் நட்டபோது மீண்டும் வன்முறை வெடித்தது. ஆளில்லாத புல்வெளி என்று நாம் வியக்கும் காட்சி, ஆட்களை அகற்றிய பிறகு கிடைத்த காட்சி.

சுற்றுலா இருந்தால்தான் காடு காக்கப்படும், பயணிகளின் கண்களே காவல் என்பார்கள் நண்பர்கள். புறந்தள்ளக்கூடிய வாதமன்று. ஆனால் சரிஸ்காவில் பயணிகள் வந்துபோய்க்கொண்டிருந்த காலத்திலேயே புலிகள் முற்றாக அழிந்தன. 2005-இல் அது வெளிப்பட்டது. 2009-இல் பன்னாவிலும் அதே கதை. பயணியின் கண் தனக்குத் தெரிந்த புலியைத்தான் எண்ணும். தெரியாமல் போனதை எண்ணாது.

காவல் உண்மையில் எங்கே பலித்தது? தேக்கடியில் வயணப் பட்டை உரித்து வாழ்ந்தவர்களும் முன்னாள் வேட்டைக்காரர்களும் வழிகாட்டிகளான இடத்தில் பலித்தது. காடறிந்த மனிதருக்குக் காடே ஊதியம் தந்தது. பரம்பிக்குளத்திலும் உள்ளூர்ப் பழங்குடியினர் உடன்வந்து வழிகாட்டுகிறார்கள். புலி தென்படலாம், தென்படாமலும் போகலாம்; உடன் நடப்பவர் ஒரு காலடித் தடத்தை வாசித்துக் காட்டுவார். இலக்கியம் படிப்பவனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

இன்னும் அருகில் வேடந்தாங்கல் இருக்கிறது. ஒரகடத்திலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஏறத்தாழ 30 ஹெக்டேர் ஏரி. பறவைகளைச் சுடக்கூடாதென்று ஊரார் வற்புறுத்தி, 1798-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் உரிமைப் பத்திரம் பெற்றார்கள். எச்சம் கலந்த நீர் தம் வயலுக்கு உரம் என்ற உழவனின் கணக்கும் அதில் இருந்தது. கருப்பொருள் வரிசையில் பறவையும் தொழிலும் ஒன்றாக நிற்பதன் பொருள் இதுவே. 2020-இல் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் எல்லையைச் சுருக்கும் முன்மொழிவு வந்தபோது எதிர்ப்பு எழுந்தது. 2022-இல் அது ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

ஆனால் கூடுதான் அங்கே. இரை சுற்றியுள்ள ஏரிகளிலும் வயல்களிலும். ஏரிக்கரையை அரித்துக் கிடங்கு கட்டும்போது வாய்மூடியிருந்துவிட்டு, விமானமேறிச் சென்று காண்டாமிருகத்துக்காக உருகுவது போலித்தனம். எங்கே போகலாம் என்று கேட்கும் நண்பர்களுக்கு என் விடை இதுதான்: என்ன தென்படும் என்று கேட்காதீர்கள்; நாம் போவதால் அங்கே வாழ்பவருக்கும் விலங்குக்கும் என்ன நேரும் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை சொல்லாத இடத்துக்கு, எத்தனை புலி இருந்தாலும், முன்பணம் கட்டாதீர்கள்.