மொட்டை மாடிக்கு ஏன் பூட்டு?

என் 2 வயது மகன் செல்போனில் பாட்டு ஓடினால்தான் வாய் திறப்பான். எத்தனை கவளம் உள்ளே போனது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ராத்திரி 11 மணிக்கும் கொட்டக் கொட்ட முழிப்பு. 'கொழுகொழுன்னு இருக்கான்' என்று மாமியாருக்குப் பெருமை. எடை பார்த்த டாக்டர், "ஓடி விளையாடறானாம்மா?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

இந்த வயதில் தினம் 3 மணி நேரமாவது ஓடியாடணும், பகல் தூக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூங்கணும், டி.வி., செல்போன் 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லியிருக்கிறது. எங்கள் வீட்டில் எல்லாமே தலைகீழ்!

போனை ஒளித்து வைத்தேன். 4 நாள் ஒரே அழுகை, எனக்கும் திட்டு. இப்போது சாயங்காலம் நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஓட்டம், 9 மணிக்கே தூக்கம். மழை நாளில்தான் திண்டாட்டம். எங்கள் குடியிருப்பில் மாடிப்படியருகே ஓடினால் 'சத்தம்' என்கிறார்கள். மழை விட்ட பிறகும் மொட்டை மாடியைத் திறப்பதில்லை. சாவி வைத்திருப்பவர்களே, பெரியவர் ஒருவர் உடனிருக்க, மாலையில் ஒரு மணி நேரமாவது திறந்து விடக்கூடாதா?

- ஒரு வாசகி, மந்தைவெளி, சென்னை-28.