மலைக்கோட்டைக்குக் கயிற்று வண்டியா?

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைக்குக் கயிற்று வண்டி வேண்டுமென்ற பேச்சு எழுவதும் அடங்குவதுமாக இருந்து வருகிறது. மலையென்ற சொல்லைக் கேட்டவுடன் ஸ்விட்ஸர்லாந்தைப் பார் என்று சொல்வது நம்மவரில் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. பார்ப்போம்.

அத்தேசத்தில் மலைதோறும் இரும்புப் பாதையும் கம்பி வண்டியும் உண்டென்பது மெய்யே. யுங்ஃபிராவ் மலைத்தொடரைக் குடைந்து 1912-ம் வருஷத்தில் 11,000 அடி உயரத்திற்கு மேல் ரயிலை ஏற்றிவிட்டார்கள். ஆனால் மாட்டர்ஹார்ன் சிகரத்தின் உச்சிக்கும் ரயில் விடச் சிலர் புறப்பட்டபோது, அந்த ஸ்விஸ் ஜனங்களே 60,000-க்கும் அதிகமானோர் கையொப்பமிட்டு ஆட்சேபித்தனர். இன்றளவும் அவ்வுச்சிக்கு ரயில் இல்லை. அதைக் காண வரும் யாத்திரிகருக்கும் குறைவில்லை.

நம் மலையிலே காணத்தக்கது உச்சியில் மாத்திரமா இருக்கிறது? படியேறும் வழியிலேயே மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டிற் குடைவித்த குகைக்கோயில் உள்ளது. சிவபெருமான் கங்கையைச் சடையில் ஏற்கும் சிற்பமும், அதன் அருகிலுள்ள தூண்களில் வடமொழிச் சாசனமும் அங்கே உள்ளன. நதிகளிடம் பிரியமுள்ள தம் நாயகர் காவிரியைக் கண்டு மயங்கிவிடுவாரோ என்று ஐயுற்ற மலைமகள், இவள் பல்லவனுடைய காதலியென்று சொல்லிக்கொண்டு இம்மலையிலேயே தங்கிவிட்டாளென்பது சாசனத்தின் ஒரு கருத்து. எத்துணை ரசமான கற்பனை! நாள்தோறும் ஏறியிறங்குவோரில் நூற்றுக்கு ஒருவரேனும் இதை அறிவாரோ? கயிற்று வண்டியில் ஏறியவரோ இக்குகையைக் காணாமலே உச்சிக்குப் போய்விடுவர்.

முதியோரும் நோயாளரும் என் செய்வரென்று கேட்பது நியாயமே. பழனியில் 2004 முதல் கயிற்று வண்டி ஓடவில்லையா என்பர். இங்கே தெப்பக்குளமும் சின்னக்கடை வீதியும் பாறையை நெருக்கி நிற்கின்றன; தூண்களை எங்கே நடுவது? பாறையின் தோற்றத்தைக் கெடுக்காத வேறு உபாயமிருந்தால் எஞ்சினீயர்கள் ஆராயட்டும், நமக்குத் தடையில்லை. அதுவரையில் அடிவாரத்து மாணிக்க விநாயகர் முதியோரைக் கைவிடார்.

உச்சியினின்று வடக்கே நோக்கினால் காவிரிக்கு அப்பால் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள் தெரியும். பழைய முறை பிறழாமல் அங்கே நடத்திய திருப்பணிக்காக 2017-ம் வருஷத்தில் யுனெஸ்கோ விருது கிடைத்தது. உலகத்தார் மதித்தது அந்தப் பொறுமையை.

மலைக்கோட்டைக்கு வேண்டியவை சொற்பமே. குகையின் வாயிலில் சாசனத்தின் பொருளைத் தெளிந்த தமிழில் எழுதி வைக்கட்டும். படிவழியில் நல்ல குடிநீரும், இளைத்தவர் உட்காரச் சில ஆசனங்களும் இருக்கட்டும். வீதிகளிலிருந்து பாறையை மறைக்கும் விளம்பரப் பலகைகளை அகற்றட்டும். கோயில் அதிகாரிகளும் தொல்பொருள் இலாகாவினரும் மாநகராட்சியாரும் ஒருங்கே அமர்ந்து பேசினால் இவை ஒரு மாதத்து வேலை.