‘முழுக் கருத்து’ என்ற வரைவிலக்கணம் போதுமா?

ஆங்கிலத்தில் வசனம் என்றால் என்ன என்று கேட்டால், சாதாரண தர மாணவர்கள் அநேகமாக ஒரே விடையைத்தான் தருவார்கள்: முழுக் கருத்தைத் தருவது வசனம், தராதது சொற்றொடர். இது பிழையான வரைவிலக்கணம் அன்று. ஆனால் தமிழ் மொழிமூல மாணவருக்கு இது போதாது என்பது எனது கருத்து. இதை மட்டும் நம்பிப் பரீட்சை மண்டபத்துக்குச் செல்பவர், வசனம் என்று எண்ணிக்கொண்டே சொற்றொடரை எழுதிவிட்டு வருகிறார்.

‘எனது தந்தை கமக்காரர்’ என்பது தமிழில் குறையற்ற வசனம். எழுவாய் உண்டு, பெயர்ப் பயனிலை உண்டு. வினைச்சொல் இல்லை, தேவையும் இல்லை. இதே பழக்கத்தில் ‘மை ஃபாதர் எ ஃபார்மர்’ என்று எழுதும் மாணவருக்கு அதில் ஏதோ குறைகிறது என்று எப்படித் தோன்றும்? கருத்து முழுமையாகத்தான் இருக்கிறது. வினைமுற்றுத்தான் இல்லை. நடுவில் ‘இஸ்’ என்ற சிறு சொல் வந்தால்தான் ஆங்கிலம் அதை வசனமாக ஏற்கும்.

எழுவாயிலும் இதே கதைதான். ‘நேற்று வந்தார்’ என்றால் ‘ஆர்’ விகுதியே ஆளைக் காட்டிவிடும். தோன்றா எழுவாய் என்று தமிழ்ப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ‘கேம் யெஸ்டர்டே’ என்றால் வந்தவர் நானா, நீங்களா, அவரா? ‘கேம்’ எல்லோருக்கும் பொது. ஆகவே ‘ஹீ’ என்று தொடங்கியே ஆகவேண்டும். (‘கம் ஹியர்’ போன்ற ஏவல் வசனங்கள் விலக்கு, அங்கே ‘யூ’ மறைந்து நிற்கிறது.)

சொற்களை எண்ணிப் பார்ப்பதாலும் பயனில்லை. ‘பேர்ட்ஸ் ஃப்ளை’ இரண்டே சொல், ஆனால் வசனம். ‘த பிக் ட்ரீ பிஹைண்ட் அவர் ஸ்கூல்’ ஆறு சொல் இருந்தும் வெறும் சொற்றொடர். அந்த மரம் விழுந்ததா, பூத்ததா என்று ஒன்றும் சொல்லப்படவில்லை.

மாணவரை அதிகம் ஏமாற்றுவது ‘இங்’ என முடியும் சொற்களே. ‘த பாய் ஸ்டாண்டிங் நியர் த கேட்’ என்று எழுதிவிட்டு, “வினை இருக்கிறதே சேர்” என்பார்கள். ஆங்கில வகுப்பில் தமிழே கூடாது என்று சொல்வோர் உண்டு. இந்த இடத்தில் நான் அதற்கு உடன்படமாட்டேன். ‘படலையடியில் நிற்கும் பையன்’ என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘நிற்கும்’ பெயரெச்சம். ‘பையன் நிற்கிறான்’ என்றால்தான் முற்று. ‘ஸ்டாண்டிங்’ தனியே நின்றால் நமது எச்சத்தைப் போன்றது. ‘இஸ்’ அல்லது ‘வாஸ்’ முன்னே வந்தால் முற்றாகிவிடும். எச்சம், முற்று தெரிந்த பிள்ளைக்கு இதை ஐந்து நிமிடத்தில் விளங்கவைக்கலாம்.

இன்னொரு பொறி ‘பிகாஸ்’. ‘பிகாஸ் இட் வாஸ் ரெயினிங்’ என்பதில் எழுவாயும் வினைமுற்றும் உள்ளன. அதனால் அது சொற்றொடர் அன்று. ஆயினும் தனி வசனமாக நிற்காது. தமிழில் ‘ஏனெனில் மழை பெய்தது’ என்று தனியாக எழுதலாம் என்பதால் நாம் அங்கேயும் முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறோம். ‘பிகாஸ்’ வரும்போது ‘ஏனெனில்’ என்று நினையாமல், ‘பெய்ததால்’ என்பதிலுள்ள ‘ஆல்’ என்று நினையுங்கள். அப்போது அதை வேறொரு வசனத்தோடு சேர்க்க வேண்டும் என்பது தானாகவே தெரியும்.

தலைப்பிலும் ‘நோ பார்க்கிங்’ போன்ற அறிவித்தலிலும் சொற்றொடர் தாராளமாக வரலாம். கடிதத்திலும் கட்டுரையிலும் அப்படி அல்ல. கட்டுரைகளை மனனஞ் செய்து வருவோருக்கும் ஒன்று சொல்லவேண்டும். தலைப்பு சற்று மாறினாலும் சொந்தமாக நான்கு வரி எழுத நேரும். புள்ளிகள் குறைவதும் அந்த நான்கு வரியில்தான்.

நீங்கள் கடைசியாக எழுதிய ஆங்கிலக் கடிதத்தை எடுங்கள். ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் முன்னே எழுவாயை வட்டமிட்டு, வினைமுற்றின் கீழ்க் கோடிடுங்கள். ஏவல் வசனம் தவிர, வட்டமோ கோடோ விழாத வரியைத் திருத்தி எழுதிவிட்டு அடுத்த பயிற்சிக்குச் செல்லுங்கள்.