மூக்குக்குக் கொடுத்த மாத்திரை

எங்கள் வீட்டில் தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பாடம்தான். நர்ஸிங் படிக்கும் மூத்த பெண், மருந்தியல் புத்தகத்தை என் மடியில் போட்டு, "நீ பார்த்துக்கோம்மா, நான் ஒப்பிக்கிறேன்" என்பாள். பத்தாவதோடு நின்றவள் நான். புரிந்தவரை சொல்கிறேன்.

நாம் நினைக்காமலே இதயத்தையும் குடலையும் நடத்துவது தானியங்கி நரம்பு மண்டலம். அதில் இரண்டு கட்சி. நாய் துரத்தினால் நெஞ்சு படபடத்து வாய் உலர்கிறதே, அது சிம்பதெடிக். சாப்பிட்டு நிம்மதியாக உட்கார்ந்தபின் எச்சில், ஜீரணம், சிறுநீர் கழிப்பது எல்லாம் பாராசிம்பதெடிக். இதற்குத் தூது போவது அசெட்டைல்கோலின் என்ற ரசாயனம். அதைத் தடுத்தால் வாய் உலரும், பார்வை மங்கும், மலம் கட்டும், சிறுநீர் நிற்கும்.

கடைசி வார்த்தையில் எனக்குச் சுருக்கென்றது.

போன மார்கழியில் மாமனாருக்கு ஜலதோஷம். வயது 72. எனக்கு வாங்கி வைத்திருந்த சளி மாத்திரையைக் கொடுத்தேன். மூக்கு ஒழுகல் நின்றது. மறுநாள் ராத்திரி ஒன்றுக்கு வரவில்லை. மருமகளிடம் இதை எப்படிச் சொல்வது என்ற கூச்சத்தில் மனிதர் விடியவிடியக் கூடத்தில் நடந்திருக்கிறார். காலையில் அடிவயிறு கல்லாக இருந்தது. ஆஸ்பத்திரியில் ட்யூப் போட்டு எடுத்தார்கள். "வேறு மருந்து ஏதும் சாப்பிட்டாரா?" என்று டாக்டர் கேட்டார். சளி மாத்திரையெல்லாம் ஒரு மருந்தா என்று நான் வாயே திறக்கவில்லை.

மிச்சமிருந்த அட்டையை எடுத்து வந்து பெண்ணிடம் காட்டினேன். குளோர்பெனிரமின், பினைல்எஃப்ரின்.

"முதலாவது அசெட்டைல்கோலினையும் தடுக்கும்மா. மூத்திரப்பை சுருங்கித் தள்ளாது. ரெண்டாவது சிம்பதெடிக் கட்சி. மூக்கு ரத்தக்குழாயைச் சுருக்கற மாதிரி பையோட வாசலையும் இறுக்கும். தாத்தாவுக்கு ப்ராஸ்டேட் வேற வீங்கியிருக்கு."

"நான் மூக்குக்குத்தானேடி கொடுத்தேன்?"

"மூக்கு எது, மூத்திரப்பை எதுன்னு மாத்திரைக்குத் தெரியுமா?"

ப்ராஸ்டேட் வீக்கம், ரத்தக் கொதிப்பு, கண் நீர் அழுத்தம் உள்ளவர்களுக்குச் சளி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். சிறுநீர் அடியோடு நின்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிதான். சாப்பிட்ட மாத்திரையின் அட்டையும் கையோடு போகட்டும்.

மாமனார் இப்போதெல்லாம் நான் எது கொடுத்தாலும் பேத்தியிடம் காட்டிவிட்டுத்தான் விழுங்குகிறார். நேற்று சுக்குக் கஷாயத்தைக்கூடக் காட்டினார்!